சின்னத் தொட்டியில் சிச்லிட்: அறிகுறியிலிருந்து பிழைக்கு

60 செ.மீ. தொட்டி. உள்ளே ஒரு ஜோடி சிச்லிட், கூட ஏழெட்டு டெட்ரா. ஒரு மீன் ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டி நிற்கிறது. துடுப்பு கிழிந்திருக்கிறது, தீனிக்கு வருவதில்லை. நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினால் இது தீராது. அந்த மீனுக்கு வந்திருப்பது பக்கத்து மீன்.

40 முதல் 100 லிட்டர் வரையான தொட்டியில் சிச்லிட் வளர்ப்பவர்கள் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை மீனைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே தொடங்கியவை. இனம் அடிப்பரப்புக்குப் பொருந்தவில்லை, அல்லது தண்ணீருக்குப் பொருந்தவில்லை, அல்லது ஆண்-பெண் கணக்கு தவறிவிட்டது. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் பொருத்தம், பிறகு தண்ணீர், கடைசியில்தான் மருந்து.

முதலில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்

தொட்டியின் நீளம், அகலம். சிச்லிட் தரையைப் பங்கு போடும் மீன். அதற்கு உயரம் கணக்கில்லை. 60×30 அடிப்பரப்பில் 30 செ.மீ. உயரம் இருந்தாலும் 45 இருந்தாலும் எல்லைச் சண்டை ஒன்றுதான். கூடுதல் தண்ணீர் அழுக்கைத் தாங்க உதவும், அவ்வளவே.

தண்ணீரின் உண்மையான அளவு. 60×30×30 தொட்டி ஏட்டுக் கணக்கில் 54 லிட்டர். நாலு செ.மீ. மணல் பரப்பி, மேலே மூன்று செ.மீ. விட்டு, கல்லும் கட்டையும் வைத்தபின் உள்ளே நிற்பது 40 லிட்டரை ஒட்டித்தான். மருந்தை இந்த 40-க்கு அளக்க வேண்டும்.

பிறகு வெப்பநிலை, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச்., பொதுக் கடினத்தன்மை (ஜி.எச்.), கார்பனேட் கடினத்தன்மை (கே.எச்.). தொட்டித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதியுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு பி.எச். பாருங்கள், கரைந்திருக்கும் வாயு வெளியேறிய பிறகு வரும் எண்தான் நம்பத்தக்கது.

ஒரு மீன் மற்றதைத் துரத்திக்கொண்டே இருக்கிறது

துரத்தலில் இரண்டு வகை உண்டு. ஓரிரு நொடி விரட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புவது இயல்பு, அதை விட்டுவிடுங்கள். தேடித் தேடிப் போய் அடிப்பதும், அடிபட்ட மீன் மேல் மூலையில் செங்குத்தாக நிற்பதும் ஆபத்து. இந்த இரண்டாவது வகையில் 24 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. அடிபட்ட மீனை அன்றே பிரித்துவிடுங்கள். தடுப்பு வலையோ, தனித் தொட்டியோ, துளையிட்ட பெட்டியோ எது இருந்தாலும் சரி.

பிரித்தபின் காரணம் தேடலாம். முதல் சந்தேகம்: இரண்டும் ஆணா? 'நீல ராம்' என்னும் குள்ளச் சிச்லிட் பெரிதாக வளர்ந்தபின், பெண்ணின் வயிறு இளஞ்சிவப்பாக இருக்கும். உடலின் நடுக் கரும்புள்ளிக்குள் நீலச் செதில்கள் மின்னும். ஆணின் கரும்புள்ளியில் பெரும்பாலும் அந்த மினுக்கு இராது, முதுகுத் துடுப்பின் முன் முட்கள் நீண்டிருக்கும். இன்னொரு குள்ளச் சிச்லிட்டான கிரிபென்சிஸில் (சுருக்கமாக 'கிரிப்') பெண் குட்டையாக, செர்ரி நிறத் தடித்த வயிற்றோடு இருக்கும். ஆண் நீளமானது, வால் நடுப்பகுதி கூராக நீளும். ஆப்பிஸ்டோகிராமா (சுருக்கமாக 'ஆப்பிஸ்டோ') என்னும் குள்ளச் சிச்லிட் வகையில் கவனம் தேவை. சில இனங்களில் அடங்கிப்போன இளம் ஆண், பெண்போலவே சிறுத்து மஞ்சளித்துத் திரியும். ஒரு ஆண், இரண்டு பெண் என்று வாங்கிவந்து நாலு மாதத்தில் இரண்டு ஆண், ஒரு பெண் என்று தெரியவருவது இப்படித்தான்.

இரண்டாவது சந்தேகம்: பெண் இன்னும் தயாராகவில்லை. ஆண் முட்டைக்கு அழைக்கிறது, பெண் மறுக்கிறது, தப்பியோட இடமில்லை. பெரிய தொட்டியில் பெண் ஒரு மீட்டர் தள்ளிப் போய்விடும். 60 செ.மீ. தொட்டியில் எங்கே போகும்? பெண்ணை இரண்டு வாரம் தனியே வைத்து உறைந்த ஆர்ட்டீமியா, டாஃப்னியா போன்ற நுண்ணிய நீருயிரிகளைக் கொடுத்துத் தேற்றுங்கள். வயிறு உருண்டதும் மறுபடி விடலாம். விடும்போது ஒரு நடைமுறை உண்டு:

1. ஆணை வெளியே எடுங்கள்.
2. கல், கட்டை, குகை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். பழைய எல்லைக்கோடு அழிய வேண்டும்.
3. பெண்ணை முதலில் விட்டு ஒரு நாள் பழக விடுங்கள்.
4. பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஆணை விடுங்கள்.

மூன்றாவது, பார்வை மறைப்பு. ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரிந்தால் முழுத் தொட்டியும் அதன் வீடு. முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை தண்ணீர் உயரத்தில் பாதிக்காவது எழும் கட்டையோ செடிப்புதரோ நடுவில் வேண்டும். குகைகள் பெண்களின் எண்ணிக்கையைவிட இரண்டு அதிகம் இருக்கட்டும். வாய்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி திருப்பி வையுங்கள். ஆப்பிஸ்டோ பெண் நுழையும் வாய் 2 முதல் 3 செ.மீ. இருந்தால் போதும். ஆண் நுழைய முடியாத குகைதான் பெண்ணுக்கு உண்மையான அடைக்கலம்.

இவ்வளவும் செய்தபின்னும் அடி தொடர்ந்தால் இடம் போதவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். முட்டை காக்கும் ஆப்பிஸ்டோ பெண்ணுக்கு ஏறத்தாழ 30 செ.மீ. வட்டம் வேண்டும். 60 செ.மீ. தொட்டியில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும்தான் நிம்மதியாக வாழும். ஒரு ஆணோடு இரண்டு பெண் வைக்க 80 செ.மீ. பாருங்கள். கிரிப் ஜோடி முட்டை வைத்துவிட்டால் 60 செ.மீ. தொட்டி முழுதும் அதற்கே வேண்டியிருக்கும்.

வாங்கி ஒரு வாரத்துக்குள் ராம் செத்துப்போகிறது

சின்னச் சிச்லிட்களில் இந்த ஒரு மீனைப் பற்றித்தான் அதிகம் புலம்பல் கேட்கும். வரிசையாகப் பாருங்கள்.

தொட்டி எத்தனை நாள் பழையது? தண்ணீர் நிரப்பி ஃபில்டர் ஓடி ஒரு வாரமே ஆன தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இன்னும் வளர்ந்திராது. அம்மோனியம் குளோரைடைக் கரைத்து அம்மோனியா அளவை 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மி.கி.) ஆக்குங்கள்; அது 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமாக நிற்கும்வரை மீன் வேண்டாம். நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வேறு தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து போட்டால் காலம் வெகுவாகக் குறையும். ராமுக்கு அதையும் தாண்டி, தொட்டி இரண்டு மூன்று மாதம் வேறு மீன்களோடு ஓடியிருப்பது நல்லது.

வெப்பநிலை என்ன? வெனிசுவேலா, கொலம்பியாவின் புல்வெளிச் சமவெளிகள் இதன் பூர்வீகம். 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். மற்ற மீன்களோடு சேர்த்து 24-இல் வைத்தால் உடனே சாகாது. தீனி குறையும், நிறம் மங்கும், பின் ஏதோ ஒரு நோய் பழியை ஏற்றுக்கொள்ளும். 40 லிட்டருக்கு 50 வாட் ஹீட்டர், அறை குளிராக இருந்தால் 75. ஹீட்டரில் திருகிய எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

தண்ணீரின் கடினத்தன்மை? ஜி.எச். 6-க்குக் கீழ், பி.எச். 7-க்குக் கீழ் இருந்தால் உத்தமம். பண்ணையில் வளர்ந்தவை கொஞ்சம் கடினத் தண்ணீரையும் தாங்கும், ஆனால் சேர்ந்து வரும் மாற்றங்களைத் தாங்காது. குழாய்த் தண்ணீர் ஜி.எச். 12 என்றால் ஒரு பங்கு குழாய்த் தண்ணீரோடு இரண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் 4 வரும். வாராவாரம் அதே விகிதம்; ஒரு வாரம் சோம்பல்பட்டு நேராகக் குழாயைத் திறந்தால் மொத்தப் பயனும் போய்விடும்.

பையிலிருந்து தொட்டிக்கு எப்படி மாற்றினீர்கள்? பக்கத்துக் கடையிலிருந்து வந்த மீன் என்றால் பையை 20 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீர் சேருங்கள். பை ஒரு நாள் பயணம் செய்து வந்திருந்தால் இதே முறை கொல்லும். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், சேர்ந்த அம்மோனியாவும் அதனால் நஞ்சு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியா நஞ்சாகும். அங்கே சொட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெப்பநிலை சமமானதும் மீனை வலையில் எடுத்து நேராகத் தொட்டிக்கு மாற்றுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டியின் ஜி.எச்., பி.எச். அளவை அனுப்புபவரின் தண்ணீரோடு முன்பே ஒப்பிட்டுச் சரிசெய்து வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, மீனே சரியில்லாமல் இருக்கலாம். மூன்று செ.மீ. குஞ்சுகள் அத்தனையும் முழு வளர்ச்சி ஆணைப்போல் பளபளத்தால் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்திருக்கலாம். கடையிலேயே தீனி போடச் சொல்லிப் பாருங்கள். பாய்ந்து வராத ராமை வாங்காதீர்கள். உருண்டை வடிவ பலூன் ராம் முதுகெலும்பு வளைந்த வளர்ப்பு வகை. ஜோடி சேர்ப்பதும் நீந்துவதுமே அதற்குக் கஷ்டம். தவிர்த்துவிடுங்கள்.

தொட்டியில் இவ்வளவு பொருத்தம் பார்க்க முடியாதவர்களுக்கு நேர்மையான மாற்று பொலிவியன் ராம். 23 முதல் 26 டிகிரி, பி.எச். 6.5 முதல் 7.5, தாங்கும் உடம்பு. எட்டு செ.மீ. வரை வளரும் என்பதால் 80 செ.மீ. தொட்டி வேண்டும். நிறத்தில் நீல ராமோடு போட்டி போடாது. உயிரோடு இருப்பதில் ஜெயித்துவிடும்.

மாதத்துக்கு ஒரு சுற்று பெருத்துக்கொண்டே போகிறது

இதற்கு மருந்தும் இல்லை, அலங்கார மாற்றமும் இல்லை. வாங்கியதே தவறு. ஆஸ்கர் 30 செ.மீ. வரும். கான்விக்ட் 10-லிருந்து 15 செ.மீ.; அதைவிடப் பெரியது அதன் கோபம். ஏஞ்சல் நீளத்தில் 15 செ.மீ. என்றாலும் துடுப்பு நுனியிலிருந்து நுனிவரை 20 செ.மீ.க்கு மேல், 45 செ.மீ. உயரத் தொட்டி கேட்கும்.

'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று மஞ்சளும் நீலமுமாக விற்கப்படும் மூன்று செ.மீ. குஞ்சுகள் பெரும்பாலும் மலாவி ஏரியின் பாறை மீன்கள், 'ம்புனா'. இவற்றில் டெமசோனி எட்டு செ.மீ.க்கு மேல் போகாது. அந்த அளவைப் பார்த்துச் சின்னத் தொட்டிக்கு வாங்குபவர்கள் உண்டு. நாலைந்து டெமசோனியை 60 செ.மீ. தொட்டியில் விட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். பன்னிரண்டுக்கு மேல் கூட்டமாக 120 செ.மீ. தொட்டியில் விட்டு அடியைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய மீன் அது. சின்ன மீன் வேறு, சின்னத் தொட்டி மீன் வேறு.

தொட்டி அளவுக்குத் தக்கபடி மீன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்பது பொய். நிற்பது மோசமான தண்ணீரால் குன்றிய உடம்பு. திருப்பிக் கொடுக்கவோ பெரிய தொட்டிக்காரருக்குக் கொடுக்கவோ வழி பாருங்கள். ஆற்றிலோ குளத்திலோ விடவே கூடாது.

மேல்மட்டத்தில் மூச்சு வாங்குகிறது, செவுள் வேகமாக அடிக்கிறது

முதலில் அம்மோனியா. இங்கே பி.எச்.சையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சோதனைக் குப்பி காட்டுவது மொத்த அம்மோனியா. கொல்வது அதில் கட்டற்ற பகுதி. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதம் சொச்சம்தான் நஞ்சு. பி.எச். 8 என்றால் ஐந்து சதவீதம், 8.5 என்றால் பதினைந்து. ஆகவே ஆப்பிஸ்டோ தொட்டியில் 0.5 பி.பி.எம். காட்டினால் எச்சரிக்கை, பி.எச். உயர்ந்த டாங்கனிக்கா சங்கு மீன் (காலி நத்தை ஓட்டில் குடியிருக்கும் சிச்லிட்) தொட்டியில் அதே 0.5 காட்டினால் அவசரம். அதே வெப்பநிலையில், குளோரின் நீக்கிய தண்ணீரால் 50 சதவீதம் மாற்றுங்கள், இரண்டு நாள் தீனி வேண்டாம், மறுநாள் மறுபடி சோதியுங்கள்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்றால் ஆக்சிஜன். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8 மி.கி.க்குச் சற்று மேல் கரையும், 30-இல் ஏழரை. ராமுக்காகச் சூடு ஏற்றிய தொட்டியில் ஃபில்டர் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அமுங்கி, மேற்பரப்பு அசையாமல் கிடந்தால் விடியற்காலையில் மூச்சு முட்டும், ஏனென்றால் இரவெல்லாம் செடிகளும் ஆக்சிஜனை எடுக்கின்றன. ஏர் பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். அது குஞ்சுகளையும் இழுக்காது.

இரண்டும் சரியாக இருந்து, ஒரே ஒரு மீன் மட்டும் ஒருபக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கம் அடித்தால் செவுள் ஒட்டுண்ணியோ, மணல் துகளோ. ராம், ஆப்பிஸ்டோ எல்லாம் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே வடிகட்டித் தின்பவை. கூரான உடைகல் போட்டிருந்தால் மாற்றுங்கள்.

நிறம் மங்கி, துடுப்பை ஒடுக்கி நிற்கிறது. ஆனால் சண்டையும் இல்லை, அம்மோனியாவும் இல்லை

பி.எச்.சைக் காலையிலும் மாலையிலும் மூன்று நாள் எடுங்கள். கே.எச். 2-க்குக் கீழ் உள்ள மென்நீர்த் தொட்டியில் கட்டையும் நாட்டு வாதுமை இலையும் சேர்ந்து, தண்ணீர் மாற்றமும் தள்ளிப்போனால், பி.எச். 6.8-லிருந்து 5.5-க்குச் சரசரவென்று இறங்கும். அந்த அமிலத்தில் ஃபில்டர் பாக்டீரியாவும் மந்தமாகிவிடும். அவசரப்பட்டு சோடா உப்பை அள்ளிப் போடாதீர்கள், பி.எச். ஏறும்போது, இதற்குள் தேங்கத் தொடங்கியிருக்கும் அம்மோனியா நஞ்சாகும். நாள்தோறும் பத்துப் பதினைந்து சதவீதம் தண்ணீர் மாற்றி மெல்ல ஏற்றுங்கள். கே.எச். 2 முதல் 3 வரை நிலைக்கட்டும்.

தலைகீழ்க் கதையும் உண்டு. மென்நீர் ஊற்றினாலும் பி.எச். ஒவ்வொரு வாரமும் 7.8-க்கே திரும்புகிறது. மணலைச் சந்தேகியுங்கள். உலர்ந்த மணல், கல் ஒவ்வொன்றின் மேலும் வினிகர் நாலு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சங்கு மீன் தொட்டிக்கு அது வரம். ஆப்பிஸ்டோ தொட்டியிலிருந்து வெளியேற்றுங்கள்.

வெள்ளை நூல்போல மலம், ஒட்டிய வயிறு

தீனியை வாயில் எடுத்துத் துப்புகிறதா, எடுப்பதே இல்லையா என்று பாருங்கள். எடுத்துத் துப்புவது, மெலிவது, வெள்ளை நூல் மலம் மூன்றும் சேர்ந்தால் குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் போன்ற கசையிழை ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நாள் மட்டும் வெள்ளை மலம் என்றால் அது வெறும் வயிறாகவும் இருக்கலாம். இதற்காக மருந்து வேண்டாம்.

மெட்ரோனிடசோல்தான் வழக்கமான மருந்து. தனித் தொட்டியில், 40 லிட்டர் தண்ணீருக்கு 250 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை. ஒவ்வொரு முறைக்கும் முன் 25 சதவீதத் தண்ணீர் மாற்றம். மீன் இன்னும் தின்கிறது என்றால் தீனியில் கலந்து கொடுப்பது தண்ணீரில் ஊற்றுவதைவிட நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் நோய் இருப்பது குடலில்.

ஆசனவாயில் சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டு நின்றால் அது கமல்லானஸ் புழு, மெட்ரோனிடசோல் அதைத் தொடாது. லெவமிசோல் லிட்டருக்கு 2 மி.கி., விளக்கை அணைத்து, 24 மணி நேரம். பிறகு அடித்தரையை உறிஞ்சிச் சுத்தம் செய்து பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு முறை திரும்பச் செய்யாவிட்டால் புழு மறுபடி தலைகாட்டும். இதைத் தொட்டி முழுவதற்கும் செய்ய வேண்டும். ஒரு மீனில் தெரிந்தால் மற்றவற்றிலும் இருக்கும். புதிய மீனை நாலு வாரம் தனியே வைத்திருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

சங்கு மீன்கள் வெளியே வருவதே இல்லை

டாங்கனிக்கா ஏரியின் மல்ட்டிஃபேசியாட்டஸ், சுருக்கமாக 'மல்ட்டி', சிச்லிட்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. ஆண் நாலரை செ.மீ., பெண் மூன்று சொச்சம். 45×30 அடிப்பரப்பில் ஆறு மீனோடு ஒரு குடியிருப்பையே நடத்தலாம். குழாய்த் தண்ணீர் கடினமாக இருக்கிறதே என்று வருந்துபவர்கள் ராமோடு மல்லுக்கட்டாமல் இதைப் பாருங்கள்: ஜி.எச். 10-க்கு மேல், பி.எச். 7.8 முதல் 9, வெப்பம் 24 முதல் 27.

முதல் வாரம் ஒளிந்திருப்பது இயல்பு. மூன்று வாரமாகியும் அப்படியே என்றால் சங்கை எண்ணுங்கள். மீனுக்கு மூன்று வீதம், ஆறு மீனுக்கு 18. காலியான நத்தை ஓடு போதும், வாய் 2 முதல் 3 செ.மீ. கொதிக்க வைத்துக் கழுவி, தண்ணீருக்குள் சுழற்றி உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றிப் போடுங்கள். காற்று தங்கிய சங்கு புரண்டுகொண்டே இருக்கும், அதில் மீன் குடியேறாது. மல்ட்டிக்குச் சங்குகளைக் குவியலாக நெருக்கிப் போடலாம். இன்னொரு சங்கு மீனான ஒசெலாட்டஸ் வேறு சுபாவம். ஒவ்வொன்றும் தன் சங்கைத் தனியே புதைத்து வைத்துக் காக்கும். ஒரு ஆண், இரண்டு பெண் என்றால் பெண்களின் சங்குகளைத் தொட்டியின் இரு முனைக்கும் பிரித்து வையுங்கள்.

மணல் 5 செ.மீ. ஆழம், துகள் ஒரு மி.மீ.க்குக் கீழ். இரண்டு செ.மீ. மணலில் மல்ட்டியால் தோண்டிப் புதைக்க முடியாது. புதைக்க முடியாத மல்ட்டி நிம்மதியில்லாத மல்ட்டி.

இன்னொன்று, மேலே மீனே இல்லாத தொட்டியில் எந்தக் குள்ளச் சிச்லிட்டும் பயந்துதான் இருக்கும். மேல்தட்டில் சாதுவான கூட்டம் நீந்தினால் ஆபத்தில்லை என்று புரிந்து வெளியே வரும். ஆப்பிஸ்டோவுக்குப் பென்சில் மீன் எட்டு. மல்ட்டிக்கு அது தேவைப்படாது, குடும்பம் பெருகினால் தானே துணிந்துவிடும்.

முட்டை வைக்கிறது, மறுநாள் காணோம்

முதல் மூன்று நாலு முறை தின்றுவிட்டால் ஒன்றும் செய்யாதீர்கள், இளம் ஜோடி பழகிக்கொள்ளட்டும். அதன் பிறகும் தொடர்ந்தால் முட்டையின் நிறம் பாருங்கள். 24 மணி நேரத்தில் பெரும்பாலானவை வெள்ளையாக மாறினால் கருவுறவில்லை: ஆண் முதிரவில்லை, அல்லது இரண்டும் பெண், அல்லது மென்நீர் இனத்துக்குத் தண்ணீர் கடினம். நிறம் மாறாமல், தெளிவாகவே இருந்து, இரவில் மறைந்தால் திருடன் வேறு. கோரிடோரஸ், பிளெக்கோ போன்ற இரவில் மேயும் மீன்களை வெளியேற்றுங்கள், அல்லது இரவில் மிக மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும். பெற்றோர் காவல் காக்கக் கொஞ்சம் வெளிச்சம் உதவும்.

28 டிகிரியில் ராம் முட்டை இரண்டரை நாளில் பொரியும், இன்னும் ஐந்து நாளில் குஞ்சு நீந்தும். நீந்தும் நாளன்று தீனி தயாராக இல்லாவிட்டால் அடுத்த அறிகுறி 'குஞ்சு காணோம்'. அதனால் முட்டை கண்ட அன்றே மைக்ரோ வார்ம் (குஞ்சுத் தீனிக்கான நுண்புழு) வளர்ப்பைத் தொடங்குங்கள், பொரித்த ஆர்ட்டீமியாவை அடுத்துக் கொடுக்கலாம்.

குஞ்சுகள் எல்லாம் ஒரே பால்

அபூர்வமான கேள்வி, ஆனால் விடை தெளிவானது. கிரிபென்சிஸில் பி.எச். தாழ்ந்தால் ஆண்கள் பெருகும். நடுநிலையை ஒட்டி வைத்தால் இரண்டும் கலந்து வரும். ஆப்பிஸ்டோக்களில் வெப்பம் பேசும்: முதல் சில வாரம் 29, 30 டிகிரியில் வளர்ந்தால் ஆண்கள் மிகும், 23-ஐ ஒட்டி வளர்ந்தால் பெண்கள். 26 வைத்துப் பாருங்கள்.

செடி பிடுங்குகிறது

பிடுங்கும். கிரிப் குகைக்கு வாசல் தோண்டும்போது வேர் குறுக்கே நின்றால் செடிதான் போகும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கட்டையில் நூலால் கட்டிவிடுங்கள். கல்லை மணல்மேல் வைக்காமல் கண்ணாடித் தரைமேல் வைத்துச் சுற்றி மணல் போடுங்கள். அடியில் தோண்டிக் கல் சரிந்தால் மீனும் போகும், கண்ணாடியும் போகும்.

கூட்டாளி மீனுக்குக் கண் போகிறது, துடுப்பு போகிறது

கோரிடோரஸ் சிச்லிட்டின் எல்லை மொழியைப் புரிந்துகொள்ளாது. கிரிப் துடுப்பை விரித்து எச்சரிக்கும், இது மணலை முகர்ந்துகொண்டே முட்டைக்குப் பக்கத்தில் போகும்; கண்ணில் கொத்து விழும். 80 செ.மீ.க்குக் கீழான தொட்டியில் கிரிப்போடு தரைமீன் எதுவும் வேண்டாம். டெட்ராவும் முட்டைக் காலத்தில் ஒரே மூலையில் ஒடுங்கி நிற்கும், 60 செ.மீ. தொட்டியில் கிரிப் ஜோடி தனியாக இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

ராமோடு வைக்கும் கூட்டாளியை வெப்பம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கார்டினல் டெட்ரா 28 டிகிரியைத் தாங்கும். நியான் டெட்ரா அதற்கு ஆகாது, மெல்லத் தேயும். தரைக்குக் கட்டாயம் ஏதாவது வேண்டும் என்றால் சூட்டைத் தாங்கும் ஸ்டெர்பாய் கோரிடோரஸ் ஆறு, அதுவும் 80 செ.மீ. தொட்டியில், ராம் முட்டை வைக்காத காலத்தில். இரண்டு வகைச் சிச்லிட்டை ஒரே சின்னத் தொட்டியில் வைக்கலாமா என்ற கேள்விக்கு இங்கே பதில்: 60 செ.மீ.யில் கூடாது. 100 லிட்டர், 80 செ.மீ. இருந்தால், பொலிவியன் ராமும் காக்கட்டூ ஆப்பிஸ்டோவும் சில நாள் சேர்ந்து ஓடலாம். யாராவது ஒருவர் முட்டை வைக்கும் நாளுக்கு மாற்றுத் தொட்டி தயாராக இருக்கட்டும்.